பட்டியலை நீயே சுருக்கிவிடாதே

அன்புள்ள மகளுக்கு,

லுணுகலையில் இருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது, உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, தாதியர் பட்டப்படிப்புக்குத்தான் போக ஆசை, ஆனால் எந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் போடுவது, எதை விடுவது என்று விளங்கவில்லை என எழுதியிருக்கிறாய். கடிதத்தோடு வைத்திருந்த கொப்பித் தாளையும் பார்த்தேன். பேராதனை, கிழக்கு, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்தனபுர, றுகுணு, கொழும்பு என்று ஆறையும் அழகாக எழுதிவிட்டு, பின் நான்கைக் கோடு போட்டு அடித்திருக்கிறாய். பக்கத்தில் காரணமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு "தூரம்". ஜயவர்தனபுரவுக்கு "காசு". றுகுணுவுக்கு "சிங்களம்". கொழும்புக்கு "நமக்குக் கிடைக்காது".

இதே கேள்வியைப் பசறையில் இருந்தும் மடுல்சீமையில் இருந்தும் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதனால்தான் உன் பெயரையும் புள்ளியையும் விட்டுவிட்டு, பதிலை எல்லோரும் வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான்: அந்த நான்கு கோடுகளையும் அழித்துவிடு. கிடைக்குமா இல்லையா என்று தீர்மானிக்க ஒரு ஆணைக்குழு இருக்கிறது. அந்த வேலையை நீ எடுத்துச் செய்யாதே. நம் பிள்ளைகள் பலர் வெட்டுப்புள்ளி வெளிவருவதற்கு முன்பே பயத்தில் தங்கள் பட்டியலைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள். பிறகு வெட்டுப்புள்ளியைப் பார்த்து, "போட்டிருந்தால் கிடைத்திருக்குமே" என்று அழுகிறார்கள். விண்ணப்பத்தில் எழுதாத இடத்தை எந்தப் புள்ளியும் உனக்கு வாங்கித் தராது.

தெரிவு எப்படி நடக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2001 முதல் இசட் புள்ளியை வைத்துத்தான் பிள்ளைகளைத் தெரிவு செய்கிறது. பொதுவான விதிப்படி 40 வீதமான இடங்கள் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில் போகின்றன. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பங்கிடப்படுகிறது. மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்தவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. பதுளை அந்தப் பதினாறில் ஒன்று. வெட்டுப்புள்ளி வெளியாகும்போது ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மாவட்டவாரியாகத்தான் வரும். நீ பார்க்க வேண்டியது பதுளைக்குரிய புள்ளியை மட்டும். கொழும்புப் பல்கலைக்கழகம் கொழும்புப் பிள்ளைகளுக்குத்தான் என்ற நினைப்பு பிழையானது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கியது அல்ல. பதுளையிலும் பண்டாரவளையிலும் ஆய்வுகூடமும் ஆசிரியர்களும் குறைவில்லாத பாடசாலைகளில் படித்தவர்களும் உன்னோடு அதே மாவட்டக் கணக்கில்தான் வருகிறார்கள். தமிழ் மொழியில் விஞ்ஞானம் படிக்க விடியற்காலை பஸ் ஏறிப் போன பிள்ளை, வீட்டு வாசலில் பாடசாலை இருந்த பிள்ளையோடு போட்டியிடுகிறாள். இந்த அநியாயம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் கையில் இருக்கும் ஒரு வாய்ப்பையும் வீணாக்காதே என்கிறேன்.

இனி வரிசை. உன் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்ப்பார்கள். முதலாவதாகப் போட்டதற்கு உன் புள்ளி போதுமென்றால் அது உனக்கு. போதாவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். எட்டாத ஒன்றை மேலே போட்டதால் கீழே இருக்கும் இடம் கைநழுவாது. ஆனால் எட்டக்கூடிய ஒன்றை நீ ஆசைப்பட்டதற்கு மேலே போட்டால், அதுவே உன் தலையில் வந்து விழும். வழக்கமாக நடப்பது என்ன? போன வருடத்து வெட்டுப்புள்ளியைப் பார்த்து, கூடியது மேலே, குறைந்தது கீழே என்று அடுக்கிவிடுகிறார்கள். இயன்மருத்துவம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், கதிர்ப்படவியல், மருந்தகவியல், பிறகு தாதியம். எல்லாமே மதிப்பான படிப்புகள். ஆனால் நோயாளியின் பக்கத்தில் நிற்கத்தான் ஆசை என்று நீ எழுதியிருக்கிறாய். அப்படியானால் ஆறு தாதியப் பாடநெறிகளும் மேலே இருக்கட்டும், மற்றவை அதன் கீழே வரட்டும். புள்ளி கூடிய படிப்பில் சேர்ந்துவிட்டு மனசு ஒட்டாமல் நான்கு வருடம் இழுபடுவது பெரிய துன்பம். எந்த இடத்தையாவது வெட்டத்தான் வேண்டுமென்றால், கிடைத்தாலும் போகவே மாட்டேன் என்று நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் வெட்டு.

ஆறையும் எந்த ஒழுங்கில் போடுவது? உன் வீட்டுக்கு முன்னால் போகிற ரோட்டில் இருந்தே தொடங்குவோம். லுணுகலை ஊடாகப் போகும் ஏ-5 வீதி பேராதனையில் ஆரம்பித்து, நுவரெலியா, பதுளை, பசறை வழியாக வந்து, பிபிலை, மகாஓயா தாண்டிச் செங்கலடியில் முடிகிறது. அதன் ஒரு முனையில் பேராதனைப் பல்கலைக்கழகம். மறுமுனையில், செங்கலடிக்குப் பக்கத்து வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் தாதியப் படிப்பு மட்டக்களப்பில் உள்ள சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் நடக்கிறது. நீ அடிக்காமல் விட்ட இரண்டும் ஒரே ரோட்டின் இரண்டு முனைகள். வீட்டில் ஒரு அவசரம் என்றால் வந்து சேரக்கூடிய இடங்கள் என்று நீ யோசித்திருப்பாய். அது நியாயமான யோசனை.

பேராதனை மாணவர்கள் பயிற்சி பெறும் கண்டி, பேராதனை ஆஸ்பத்திரிகளுக்குக் கண்டி, நுவரெலியா மாவட்டத் தோட்டத்துச் சனம் தினமும் வருகிறது. உனக்குப் பழகிய பேச்சு வாட்டில் கேட்கும், சிங்களமும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். மட்டக்களப்பில் நோயாளிகளோடு முதல் நாளில் இருந்தே தமிழில் பேசலாம். யாழ்ப்பாணமும் அப்படித்தான். யாழ் போதனா வைத்தியசாலை வடக்கு முழுவதற்கும் பெரிய ஆஸ்பத்திரி, அங்கே பார்க்காத நோய் குறைவு. மலையகத்தில் இருந்து போய் வன்னியில் குடியேறிய குடும்பங்களையும் அந்த வாட்டுகளில் நீ சந்திப்பாய். தூரம் உண்மைதான், மாதாமாதம் வீட்டுக்கு வர முடியாது. ஆனால் விடுமுறைக்கு மட்டும் வந்து போய்ப் படித்து முடித்த பிள்ளைகள் நம் தோட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

றுகுணுவுக்குப் பக்கத்தில் "சிங்களம்" என்று எழுதி அடித்திருக்கிறாய். அந்தக் காரணத்தையே திருப்பிப் போட்டுப் பார். படித்து முடித்து நீ ஊவாவிலேயே வேலை செய்ய ஆசைப்படுகிறாய். பதுளையிலோ பிபிலையிலோ மொனராகலையிலோ ஒரு வாட்டில் நின்றால், நோயாளிகளில் பெரும்பாலோர் சிங்களம் பேசுகிறவர்கள். டொக்டரும் உன்னோடு வேலை செய்கிற மிஸ்ஸிமாரும் சிங்களத்தில்தான் பேசுவார்கள். அந்த மொழியை, றுகுணுவின் தாதியப் படிப்பு நடக்கும் காலியிலோ கொழும்பிலோ நான்கு வருடம் வாழ்ந்து பழகினால் அது உனக்குக் காசு இல்லாமல் கிடைக்கும் இன்னொரு படிப்பு. காலிப் பக்கத்து உடுகம, மாத்தறைப் பக்கத்துத் தெனியாய தோட்டங்களிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். தெற்கு என்றால் தமிழ்ச் சத்தமே கேட்காது என்று நினைத்துவிடாதே.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தாதியத்துக்கென்றே தனிப் பீடம் இருக்கிறது. ஜயவர்தனபுரவில் துணை மருத்துவ விஞ்ஞான பீடத்தின் கீழ் படிப்பு. நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிகள் அந்தப் பக்கம்தான். கஷ்டம் வாழ்க்கைச் செலவில் இருக்கிறது, அதைக் கீழே பார்ப்போம். எங்கே போனாலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்துக்குப் பயந்து ஒரு இடத்தை வெட்டினால் எல்லா இடத்தையும் வெட்ட வேண்டிவரும். பல்கலைக்கழகம் திறக்கும்வரை வீட்டில் இருக்கப்போகும் மாதங்களை இதற்குக் கொடு. உடம்பின் உறுப்புகள், நோய்கள், அளவைகள் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களை உயிரியல் கொப்பியை வைத்தே படிக்கத் தொடங்கு.

உன் இடத்தில் நான் இருந்தால் பேராதனை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு, ஜயவர்தனபுர, றுகுணு என்று போடுவேன். நோயாளியோடு உன் மொழியில் பேசிப் பழகவும், சிங்களத்தையும் விடாமல் பிடிக்கவும் பேராதனை வசதி என்பது என் கணக்கு. உன் கணக்கு வேறாக இருக்கலாம். சித்தி வீடு காலியில் இருக்கிறது என்றால் றுகுணு மேலே ஏறட்டும். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் தாதியம் உண்டு. அதற்கு விண்ணப்பம் தனி. சீருடைப் படையில் சேராமல் படிப்பவர்கள் கட்டணம் கட்ட வேண்டும். அந்தத் தொகையை விசாரித்த பிறகுதான் அந்தப் பக்கம் பார்.

அம்மா, பதுளைத் தாதியர் கல்லூரிக்குப் போகச் சொல்கிறார், அது பட்டம் இல்லையே என்று கவலைப்படுகிறாய். அம்மா சொல்வதில் ஞாயம் இருக்கிறது. சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரிகள் மூன்று வருட டிப்ளோமா தருகின்றன. படிக்கும் காலத்திலேயே மாதக் கொடுப்பனவு உண்டு, அரசாங்க சேவைக்கென்றே ஆள் எடுத்துப் பயிற்றுகிறார்கள். பட்டம் நான்கு வருடம், அதன் பிறகு நியமனத்துக்குக் காத்திருக்கவும் வேண்டிவரலாம். டிப்ளோமாவோடு படிப்பு நின்றுவிடுவதும் இல்லை. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வேலையில் இருக்கும் தாதியருக்காக 1994 இல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. நாட்டின் மூத்த தாதியர் பலர் அந்த வழியாக ஏறியவர்கள்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2013 முதல் புதிதாகத் தாதியம் படிப்பவர்கள் பட்டப்படிப்புத்தான் படிக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் இருந்து உலகமெங்கும் போகும் தாதியரும் நான்கு வருடப் பட்டதாரிகள். 2022 நெருக்கடியில் அரசாங்க ஊழியர்கள் சம்பளமில்லா லீவில் ஐந்து வருடம்வரை வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தபோது, பட்டத்தின் பெறுமதி பலருக்கு விளங்கியது. கற்பித்தல், ஆய்வு, மேற்படிப்பு எதற்கும் பட்டம்தான் வாசற்படி.

ஆகவே இரண்டுக்கும் விண்ணப்பி. தாதியர் கல்லூரிக்கான அறிவித்தல் வர்த்தமானியில் வரும், பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு சேர்ந்து வராது, சிலவேளை வெகுநாள் பிந்தும். சாதாரண தரத்தில் எந்தப் பாடங்கள் சித்தி, வயது என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். வரிக்கு வரி வாசி. இரண்டும் கைக்கு வந்தால் வீட்டு நிலைமையை வைத்து முடிவெடு. தம்பி தங்கைகள் படிக்கிறார்கள், அம்மாவின் பேரில்தான் அடுப்பு எரிகிறது என்றால் டிப்ளோமாவுக்குப் போ, சம்பளம் எடுத்துக்கொண்டு பட்டத்தைப் பிறகு படி. நான்கு வருடம் வீடு தாங்கும் என்றால் பட்டத்துக்குப் போ. இரண்டு வழியும் ஒரே கட்டிலின் பக்கத்தில்தான் உன்னைக் கொண்டுவந்து நிறுத்தும். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: குடும்ப சுகாதார மருத்துவிச்சிப் பயிற்சி ஒன்றரை வருடம். லயத்து வாசலுக்கே போய் கர்ப்பிணித் தாயைப் பார்க்கும் வேலை அது. தோட்டங்களுக்கு அதைவிட அவசியமான ஆள் இல்லை.

காசுக் கதைக்கு வருகிறேன். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் போட்டார்கள். அதையும் மழை நாளும் பேர் விழாத நாளும் தின்றது போக மிச்சத்தில்தான் அம்மா உன்னை உயர்தரம்வரை கொண்டுவந்திருக்கிறார். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. விடுதிக்கு எடுப்பது சிறு தொகை, ஆனால் எல்லா வருடமும் விடுதி கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. வெளியே அறை எடுத்தால் கொழும்புப் பக்கம் செலவு கூடும். சாப்பாடு, சீருடை, சப்பாத்து, ஆஸ்பத்திரிக்குப் போய்வர பஸ் காசு, இவைதான் ஒவ்வொரு மாதமும் கடிக்கும். மகாபொல புலமைப்பரிசிலுக்கும் நிதியுதவிக்கும் தவறாமல் விண்ணப்பி. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாகக் கல்வி நம்பிக்கை நிதியம் கொடுக்கும் புலமைப்பரிசிலும் இருக்கிறது. வருமானச் சான்றிதழுக்காகக் கிராம சேவகரிடம் கடைசி நாளில் ஓடாதே. தோட்டத்து ஆபீசில் சம்பளத் துண்டுகளை இப்போதே எடுத்து வைத்துக்கொள்.

பதுளை டவுனில் "தாதியர் பயிற்சி, உடனடி வெளிநாட்டு வேலை" என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் பார்த்து மாமா ஒருவர் ஆசை காட்டுகிறார் என்றும் எழுதியிருந்தாய். காசு கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேள்: இதைப் படித்து முடித்தால் இலங்கையில் தாதியாகப் பதிவு செய்ய முடியுமா? முடியும் என்றால் எழுத்தில் தரச் சொல், தாதியர் சபையிலும் விசாரி. பராமரிப்பு உதவியாளர் வேலை கௌரவமான வேலைதான், ஆனால் அது தாதியர் வேலை அல்ல. காது நகையை அடகு வைத்துக் கட்டிய பிறகு இந்த வித்தியாசம் தெரிய வந்தால் ஒரு குடும்பமே தவிக்கும்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன்? வாட்டில் நான் பார்த்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னால் உனக்கு விளங்கும். சீனி வருத்தம், வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டியாகிவிட்டது. இன்சுலின் போடும் விதத்தைச் சிங்களத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விளங்கியதா என்று கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டியிருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, எப்படிப் போடுவீங்க, எனக்குக் காட்டுங்க" என்றேன். கொழுந்துச் சாயம் ஏறி வெடித்திருந்த விரல்களால் சிரிஞ்சைப் பிடித்தார். குப்பியைக் கவிழ்க்காமலே ஊசியை ஏற்றி இழுத்தார். உள்ளே வந்தது காற்று. அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் தினமும் காற்றைத்தான் ஏற்றிக்கொண்டிருப்பார். உள்ளங்கைகளுக்கு நடுவே குப்பியை மெதுவாக உருட்டுவது, கவிழ்த்துப் பிடிப்பது, கோடு வரை இழுப்பது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஃபிரிட்ஜ் இல்லை என்றார். ஈர மணல் போட்ட மண்சட்டியில் குப்பியை எப்படி வைப்பது என்றும் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்த மிஸ்ஸியிடம் அக்கறை இல்லாமல் இல்லை. இருவருக்கும் பொதுவான மொழிதான் இல்லாமல் போனது. தமிழ் 1987 இல் சட்டப்படி ஆட்சி மொழியாகிவிட்டது. ஆனால் இரவு டியூட்டியில் அதைப் பேச ஒரு ஆள் நின்றால்தான் அந்தச் சட்டம் நோயாளியிடம் போய்ச் சேரும்.

அந்த ஆள் நீயாகத்தான் இருக்க வேண்டும் என்று உன் தோளில் சுமை ஏற்றவில்லை. படித்து முடித்து எங்கே வேலை செய்வது என்பது உன் உரிமை. ஆனால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் பேசுகிற, மலையில் வளர்ந்த ஒரு தாதிக்கு இந்த மாகாணத்தில் எவ்வளவு பெறுமதி என்று தெரிந்துகொண்டு விண்ணப்பம் போடு. யாரும் பிச்சையாகத் தரும் இடத்தை நீ கேட்கவில்லை.

இனி செய்ய வேண்டியவை. ஆணைக்குழுவின் கைநூலைத் தமிழில் எடுத்து, தாதியப் பாடநெறிக்குரிய தகைமைகளை உன் பெறுபேற்றோடு ஒப்பிட்டுப் பார். உயர்தரத்துக்காகப் பாடசாலை மாறியிருந்தால் எந்த மாவட்டக் கணக்கில் வருவாய் என்ற விதியையும் அதில் வாசி. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் உள்ள குறியீட்டு இலக்கத்தைத் தாளில் வரிசையாக எழுதி, அதிபரிடமோ உயிரியல் ஆசிரியரிடமோ காட்டு. கொமியூனிகேஷன் கடையில் விண்ணப்பத்தை நிரப்பும்போது பக்கத்திலேயே உட்கார். தட்டுகிற தம்பி அவசரத்தில் வரிசையை மாற்றிவிட்டால் அவனுக்கு நட்டமில்லை. அனுப்புவதற்கு முன் திரையில் உள்ளதையும் உன் தாளையும் இலக்கம் இலக்கமாகச் சரிபார். கடவுச்சொல்லை நீ வைத்துக்கொள். கடை நம்பரையோ மாமாவின் நம்பரையோ கொடுக்காமல் வீட்டில் எப்போதும் இருக்கும் போன் நம்பரைக் கொடு. பதிவுக்குக் கூப்பிடும் செய்தி வேறு யாரோ ஒருவரின் போனுக்குப் போய்க் காலம் கடந்துவிடக் கூடாது. முதல் சுற்றில் கிடைக்காவிட்டாலும் வெற்றிடம் நிரப்பும் சுற்று இருக்கிறது, மனசு விட்டுவிடாதே.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. ஆறு இடத்தின் பெயரையும் அவருக்குச் சொல், எது எங்கே இருக்கிறது என்று படத்தில் காட்டு. பிள்ளை போகிற இடம் தெரிந்தால் தாய்க்குப் பயம் பாதி குறையும். பட்டியலை முடித்து அனுப்பியதும் எனக்கு எழுது. வெட்டுப்புள்ளி வந்த பிறகு அடுத்ததை யோசிப்போம்.

அன்புடன்,
உன் மிஸ்